அழலை அவிக்கும் மருந்து



தாமிரபரணிக் கரையில் பிசான அறுவடை நடைபெறும் மாசி, பங்குனி மாதங்களில் நீங்கள் வயல்வெளிகளின் வழியே சென்றிருப்பீர்கள். பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரையில், ஆற்றின் இரு மருங்கிலும், நெற்கதிர்கள் பொன்னிறமாகச் சாய்ந்து கிடக்கும். அரிவாள் கொண்டு அறுப்போர் இப்பொழுது குறைந்துவிட்டனர்; அறுவடை இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆயினும் நெல் தூற்றும் களத்திலும், வைக்கோற் படப்புப் போடும் இடத்திலும் பறக்கும் தூசியும் சுணையும் மாறவில்லை. அந்தச் சுணை ஒன்று கண்ணில் பட்டால் என்ன நேரும் என்பதிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

நான் மருத்துவ மாணவர்களுக்குப் பாடஞ் சொல்லும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன். பல ஆண்டுகளுக்கு முன், ஓர் அறுவடைக் காலத்தில், சேரன்மாதேவிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஓர் அம்மையாரைக் கண் மருத்துவரிடம் அழைத்து வந்தார்கள். அவ்வேளை நானும் உடனிருந்தேன். களத்தில் வேலை செய்கையில் அவருடைய வலக் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது. மறுநாள் கண் சிவந்து, நீர் வடிந்து, உறுத்தியது. பக்கத்து வீட்டில் யாருக்கோ எப்போதோ எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தின் பெயரைச் சொல்லி, கடையில் ஒரு குப்பி வாங்கி விட்டுக்கொண்டார். இரண்டே நாளில் சிவப்பு மறைந்தது, வலியும் தணிந்தது. அவர் மீண்டும் களத்துக்குப் போனார். மருந்தையும் விடாமல் போட்டுவந்தார். பத்து நாள் கழித்துப் பார்த்தால், கருவிழியின் நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி, பார்வை மங்கிவிட்டது.

“மருந்து விட்ட மறுநாளே செவப்பு கொறைஞ்சிட்டு ஐயா. நல்ல மருந்துன்னுதான தொடர்ந்து விட்டேன்” என்று அவர் மருத்துவரிடம் சொன்ன சொற்கள் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றன. அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அது நல்ல மருந்துதான். கோடிக்கணக்கான மக்களின் துயரைத் தீர்த்த மருந்துதான். அது ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. சிவப்பையும் வலியையும் தணித்த அதே மருந்து, அந்தக் கண்ணின் ஒளியைப் பறித்தது எவ்வாறு? இந்த ஒரு வினாவுக்கு விடை கூறுவதே என் நோக்கம். விடையை அறிய வேண்டுமானால், நம் உடம்பில் அழற்சி என்பது எப்படி எழுகிறது, அதனை ஸ்டீராய்டு எப்படி அடக்குகிறது என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

அழற்சி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அழல் என்றால் நெருப்பு. காலில் முள் தைத்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்நான்கு குறிகளையும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் என்ற நூலாசிரியர் குறித்து வைத்துள்ளார். இவை நோயின் செயல் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் இவை பெரும்பாலும் நம் உடம்பின் செயலே. முள்ளோடு நுழைந்த கிருமிகளை எதிர்க்க உடம்பு படை திரட்டுகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஆதலால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர்கள் கசிந்து நீர் வெளிப்படுகிறது, ஆதலால் வீக்கம். நரம்பு முனைகளை அங்கு ஊறும் இரசாயனப் பொருள்கள் தூண்டுகின்றன, ஆதலால் வலி.

அந்தப் படையின் வீரர்கள் வெள்ளணுக்கள். அவற்றுள் பலவகை உண்டு. திசுக்களில் நிலையாகத் தங்கிக் காவல் புரியும் பெருவிழுங்கணுக்கள் ஒரு வகை. இரத்தத்தில் சுற்றிவந்து, அழைப்புக் கிடைத்ததும் குழாயை விட்டிறங்கிப் போர்க்களத்துக்கு விரையும் நியூட்ரோபில்கள் மற்றொரு வகை. பகைவனை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ளும் லிம்போசைட்டுகள் வேறொரு வகை. இவை அனைத்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழி, சைட்டோகைன்கள் எனப்படும் சிறு புரதங்கள்.

ஒரு பெருவிழுங்கணு கிருமியைச் சந்தித்ததும் அதனுள் நடப்பதைக் கவனியுங்கள். அதன் மேற்புறத்தில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் இருக்கின்றன. கிருமியின் உடற்பொருள் அவற்றில் பட்டதும் அபாயச் செய்தி உள்ளே செல்கிறது. உயிரணுவின் உள்ளே ‘என்.எஃப். கப்பா பி’ என்று அறிஞர் பெயரிட்ட புரதம் ஒன்று, வேறொரு புரதத்தால் கட்டுண்டு கிடக்கிறது. செய்தி வந்ததும் அந்தக் கட்டு அறுகிறது. விடுபட்ட புரதம் அணுவின் நடுவிலுள்ள உட்கருவுக்குள் நுழைகிறது. அங்கேதான் மரபணுக்கள் இருக்கின்றன.

மரபணுக்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நம் ஆற்றைவிட நல்ல உவமை வேண்டியதில்லை. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரையில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து கால்வாய்கள் பிரிகின்றன; கால்வாய்களில் மதகுகளும் மடைகளும் உள்ளன. ஆற்றில் நீர் இருந்தாலும் எந்த மடை திறந்திருக்கிறதோ அந்த வயலுக்குத்தான் நீர் பாயும். மனித உயிரணு ஒவ்வொன்றிலும் சுமார் 20,000 மரபணுக்கள் உள்ளன. அவை இத்தகைய மடைகளே. எந்த மடை திறந்திருக்கிறதோ, அதற்குரிய புரதம் மட்டும் உருவாகும். மற்றவை மூடிக் கிடக்கும். என்.எஃப். கப்பா பி உட்கருவுக்குள் சென்று அழற்சிக்குரிய மடைகளைத் திறந்துவிடுகிறது. டி.என்.எஃப்., இன்டர்லூகின் 1, இன்டர்லூகின் 6 முதலிய சைட்டோகைன்கள் பெருகிப் பாய்கின்றன. அவற்றின் கட்டளையால் இரத்தக் குழாயின் உட்சுவர் பசைத்தன்மை அடைகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோபில்கள் அதில் ஒட்டி நின்று, சுவரைத் துளைத்து வெளிவருகின்றன. படை திரண்டுவிட்டது.

திரண்ட படை பகைவனை அழித்ததும் கலைந்துவிட்டால் நலமே. ஆனால் எப்போதும் அவ்வாறு நடப்பதில்லை. நியூட்ரோபில்கள் வீசும் ஆயுதங்கள் கிருமியையும் நம் திசுவையும் வேறுபடுத்தி அறிவதில்லை. சில நோய்களில் பகைவனே இல்லாமல் படை திரள்கிறது. முடக்குவாதத்தில் மூட்டுகளையும், ஆஸ்துமாவில் மூச்சுக் குழாய்களையும் நம் படையே புண்படுத்துகிறது. ஆகவே படையை அடக்கும் ஆணையும் உடம்பில் இருந்தாக வேண்டும். இருக்கவும் செய்கிறது. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளின் புறப்பகுதி, கார்ட்டிசால் என்னும் பொருளை நாள்தோறும் சுரக்கிறது. சாதாரண நாளில் அது 10 முதல் 20 மில்லிகிராம் அளவே; விடியற்காலையில் மிகும், நள்ளிரவில் குறையும். காயம், நோய், பேரச்சம் ஆகிய வேளைகளில் பன்மடங்கு பெருகும். ஸ்டீராய்டு மருந்துகள் இந்தக் கார்ட்டிசாலின் உறவினர்களே. விளையாட்டு வீரர்கள் தசையைப் பெருக்கத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவதாகச் செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்த ஸ்டீராய்டு வேறு. வேதியியல் முறையில் தூரத்து உறவு, அவ்வளவே.

இந்த உறவினரை மருந்தாக்கிய கதை சுவையானது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்னும் ஊரில் மேயோ மருத்துவ நிலையம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் 1929-ஆம் ஆண்டில் ஒரு விந்தையைக் கண்டார். முடக்குவாதத்தால் துன்புற்ற ஒருவருக்கு மஞ்சட்காமாலை வந்தது. வந்ததும் மூட்டுவலி நீங்கிவிட்டது. கருவுற்ற பெண்களுக்கும் இவ்வாறே வலி குறைவதைப் பின்னர் அவர் கவனித்தார். அப்படியானால் உடம்பிலேயே ஏதோ ஒரு மருந்து ஊறுகிறது என்று அவர் முடிவு செய்தார். அதே நிலையத்தில் எட்வர்டு கெண்டல் என்ற வேதியியல் அறிஞர் அட்ரினல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்துவந்தார். அவற்றுள் ஒன்றை, எழுந்து நடக்கமாட்டாதிருந்த ஓர் இளம் பெண்ணுக்கு 1948 செப்டம்பர் 21 அன்று ஊசி மூலம் செலுத்தத் தொடங்கினார்கள். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். அந்தப் பொருளே கார்ட்டிசோன். உடம்பினுள் சென்றபின் அது கார்ட்டிசாலாக மாறி வேலை செய்கிறது. ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர்.

தொடக்கத்தில் இம்மருந்து கிடைத்தற்கரியதாக இருந்தது. எருதின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட இரசாயனப் படிகளைக் கடந்து அதனை ஆக்க வேண்டியிருந்தது. மூலக்கூறில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஆக்சிஜனைப் பொருத்துவதே பெருந்தொல்லை. 1952-இல் அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனத்து அறிஞர்கள் பீட்டர்சன், மர்ரி இருவரும், ரைசோபஸ் என்னும் பூஞ்சையைக் கொண்டு அவ்வேலையை ஒரே படியில் முடித்தார்கள். பழைய ரொட்டியில் பூக்கிறதே, அந்தப் பூசண இனத்தைச் சேர்ந்தது அது. மருந்து மலிந்தது, உலகெங்கும் பரவியது. ரைசோபஸ் என்ற அப்பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது மீண்டும் வரும்.

இனி, இம்மருந்து வெள்ளணுவினுள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். உயிரணுவைச் சூழ்ந்துள்ள படலம் கொழுப்பினால் ஆனது. ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு. ஆதலால் அது வாயிற்கதவைத் தட்ட வேண்டியதில்லை; படலத்தினூடே நேராக உள்ளே புகுந்துவிடுகிறது. உள்ளே அதற்கென்றே ஓர் ஏற்பி, துணைப் புரதங்கள் தாங்கிப் பிடித்திருக்கும் நிலையில் காத்திருக்கிறது. மருந்து வந்து பொருந்தியதும் ஏற்பி உருமாறி, துணையை விட்டு, உட்கருவை நோக்கிச் செல்கிறது. மடைகள் இருக்கும் இடத்துக்கே மருந்து போய்ச் சேர்கிறது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

அங்கே அது மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, அழற்சியைத் தணிக்கும் புரதங்களுக்குரிய மடைகளைத் திறக்கிறது. அனெக்சின் என்னும் புரதம் அவ்வாறு பெருகுகிறது. வலியும் வீக்கமும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் முதலிய பொருள்களுக்கு மூலப்பொருள் கிடைக்காமல் அது தடுக்கிறது. என்.எஃப். கப்பா பியைக் கட்டி வைக்கும் புரதத்தையும் பல அணுக்களில் ஸ்டீராய்டு மிகுவிக்கிறது. இரண்டாவது, அழற்சி மடைகளைத் திறந்துகொண்டிருக்கும் என்.எஃப். கப்பா பியின் கையையே பற்றி நிறுத்துகிறது. விரிந்து கிடந்த மரபு நூலை மீண்டும் இறுகச் சுற்றிவிடும் நொதிகளையும் அங்கே அழைத்துவருகிறது. மடை மூடுகிறது. மூன்றாவது, முன்னமே மடையிலிருந்து புறப்பட்டுவிட்ட ஆணைகளை, அதாவது புரதம் செய்வதற்குரிய செய்திப் பிரதிகளை, விரைவில் சிதைந்துபோகச் செய்கிறது.

இப்பொழுது ஓர் உண்மை விளங்கும். வயலில் நிரம்பிவிட்ட நீரை இம்மருந்து இறைத்துக் கொட்டுவதில்லை. தலைமடைக்குப் போய்ப் பலகையை இறக்குகிறது. மடையை மூடிய பின்னும் வயலில் நின்ற நீர் வடியச் சற்று நேரமாகுமல்லவா? அதனாற்றான் ஸ்டீராய்டின் முழுப் பயன் தெரியச் சில மணி நேரம் செல்கிறது.

இதன் விளைவாகப் படையின் போக்கே மாறுகிறது. இரத்தக் குழாயின் உட்சுவர் பசைத்தன்மையை இழப்பதால், நியூட்ரோபில்கள் இறங்க இடமின்றி இரத்தத்திலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. லிம்போசைட்டுகள் பல தாமே மடிகின்றன. பெருவிழுங்கணுக்களோ போர்க்கோலம் களைந்து, களத்தைத் துப்புரவு செய்யும் பணியில் இறங்குகின்றன. இதிலும் புதிய செய்தி ஒன்று உண்டு. 2024-இல் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, ஸ்டீராய்டு மரபணு மடைகளோடு நிற்பதில்லை. பெருவிழுங்கணுவின் மைட்டோகாண்டிரியாக்களின் வேலையையும் மாற்றி, இட்டகோனேட் என்னும் பொருளை மிகுதியாக உண்டாக்கச் செய்கிறது. அப்பொருளும் அழற்சியைத் தணிக்க வல்லது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்டுவரும் மருந்தைப் பற்றியும் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது என்பதை மாணவர்களாகிய நீங்கள் நினைவிற்கொள்வது நலம்.

இவ்வளவையும் கேட்டபின் ஒன்றை உங்களிடம் கேட்கிறேன். இந்த மூன்று வேலைகளில் எதுவாவது கிருமியைக் கொல்லும் வேலையா? இல்லை. ஸ்டீராய்டு ஒரு கிருமியையும் கொல்வதில்லை. அது நம் படையைத்தான் அடக்குகிறது. படை அளவுக்கு மீறி நம்மையே அழிக்கும்போது அது உயிர்காக்கும் மருந்து. படை தேவைப்படும்போது அதுவே பகைவனுக்குத் திறந்துவிட்ட வாயில்.

இதனை உலகமே கண்கூடாகக் கண்ட காலம் ஒன்று அண்மையில் வந்தது. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது, இங்கிலாந்தில் ‘ரெகவரி’ என்னும் பெரிய ஆய்வு நடந்தது. டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் வரை கொடுத்துப் பார்த்தார்கள். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களுள், 28 நாள்களுக்குள் இறந்தோர் மருந்தில்லாத பிரிவில் நூற்றுக்கு 41 பேர். மருந்து பெற்ற பிரிவில் 29 பேர். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிலும் சாவு குறைந்தது. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாத நிலையில் இருந்தவர்களுக்கு அம்மருந்தால் எந்த நன்மையும் காணப்படவில்லை. காரணம் உங்களுக்கே இப்போது புலப்படும். நோய் முற்றியவர்களின் நுரையீரலை வருத்தியது பெரிதும் அவர்களுடைய படையின் சீற்றம். தொடக்க நிலையில் இருந்தவர்களுக்கோ வைரசை எதிர்க்க அந்தப் படையே வேண்டியிருந்தது.

இப்பாடத்தை எல்லோரும் கடைப்பிடிக்கவில்லை. 2021-இல் நம் நாட்டில் இரண்டாம் அலை வீசியபோது, தேவையில்லாத நிலையிலும், தேவைக்கு மேற்பட்ட அளவிலும் ஸ்டீராய்டு உட்கொண்டவர்கள் பலர். ஸ்டீராய்டு இரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றும். நீரிழிவும் சேர்ந்துகொண்ட உடம்புகளில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியது. மூக்கிலும் கண்ணறையிலும் புகுந்த அந்நோயை, அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு, மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் பூஞ்சை எது தெரியுமா? ரைசோபஸ். 1952-இல் ஸ்டீராய்டை மலிவாகச் செய்ய உதவிய அதே இனம்! காவல் உறங்கினால், நமக்கு ஊழியம் செய்தவனும் உள்ளே புகுந்துவிடுவான்.

இனி நம் ஊர்க் களத்துக்கும், அந்த அம்மையாரின் கண்ணுக்கும் திரும்புவோம். கண்ணின் முன்புறத்தில் கடிகாரத்துக் கண்ணாடிபோல் அமைந்த ஒளிபுகும் படலத்தைக் கார்னியா என்பர். நடுவில் அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை. இருந்தால் ஒளி எவ்வாறு புகும்? அதன் நார்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால்தான் அது தெளிவாக இருக்கிறது. நெற்சுணை அதன் மேற்றோலைக் கீறியதும், மண்ணிலும் அழுகும் வைக்கோலிலும் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் உள்ளே இறங்கும். நியூட்ரோபில்கள் விரைந்து வரும். போர் நடக்கும். கிருமி தின்றது பாதி, நம் படை வீசிய நொதிகள் கரைத்தது பாதியென நார்கள் குலையும். புண் ஆறினாலும் தழும்பு வெண்மையாக நிற்கும். இதைத்தான் நம் ஊரில் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்கிறோம்.

மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை, 1988-இல் திருநெல்வேலியில் நிறுவப்பட்டது. 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்டு வரையில் அங்கு வந்த கார்னியாப் புண் நோயாளிகள் 3,183 பேரை ஆராய்ந்து அதன் மருத்துவர்கள் கணக்கு வெளியிட்டனர். அவர்களுள் 1,095 பேருக்குப் பூஞ்சையும், 1,043 பேருக்குப் பாக்டீரியாவும் காரணம். குளிர்நாடுகளில் பூஞ்சைப் புண் அரிது. நம் வயற்காட்டிலோ அது பாக்டீரியாவுக்குச் சமமாக நிற்கிறது. இரண்டையும் வெறுங்கண்ணால் உறுதியாக வேறுபடுத்த இயலாது. புண்ணிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வளர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே மருத்துவ உலகில் நெடுநாளாக ஒரு வழக்கு இருந்துவந்தது. “பாதிச் சேதத்தை நம் படையே செய்கிறதென்றால், கிருமிக்கு மருந்து கொடுத்தபின் ஸ்டீராய்டையும் சேர்த்து விட்டால் பூ சிறிதாகுமே” என்றனர் ஒரு சாரார். “படையை அடக்கினால் கிருமி மிகுமே” என்றனர் மறுசாரார். இரு சாராருக்கும் நியாயம் இருந்தது. வாதத்தால் தீராத இவ்வழக்கைச் சோதனையால் தீர்க்க முற்பட்டனர். அந்தச் சோதனை நடந்த இடங்களுள் நம் திருநெல்வேலியும் ஒன்று.

2006 முதல் 2010 வரை நடைபெற்ற அந்த ஆய்வில் 500 நோயாளிகள் சேர்ந்தனர். அமெரிக்க நிலையங்களும் பங்குகொண்டன. எனினும் மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனைகளுக்கு வந்தவர்களே மிகப் பெரும்பாலோர். பாக்டீரியாப் புண் என்று பரிசோதனையால் உறுதியானவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். பூஞ்சைப் புண் உடையோர் விலக்கப்பட்டனர். முதலில் 48 மணி நேரம் மாக்சிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லிச் சொட்டு மருந்து. அதன் பின் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டையும், மற்றதற்கு மருந்தில்லாச் சொட்டு நீரையும், கிருமிக்கொல்லியோடு சேர்த்து மூன்று வாரம் கொடுத்தனர். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. விருப்பு வெறுப்பு முடிவைக் கெடுக்காதிருக்கவே இந்த ஏற்பாடு.

மூன்று மாதம் கழித்துப் பார்வையை அளந்தபோது இரு பிரிவுக்கும் மொத்தத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் நுணுகிப் பார்த்ததில், தொடக்கத்தில் பார்வை மிக மோசமாயிருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு ஓரளவு உதவியதாகத் தெரிந்தது. நொக்கார்டியா என்னும் மண் பாக்டீரியாவால் வந்த புண்ணிலோ, ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குத் தழும்பு பெரிதாயிற்று. ஓராண்டு முடிவில் நொக்கார்டியா அல்லாத புண்களில் மட்டும் ஸ்டீராய்டுக் குழுவினர், கண் பரிசோதனைப் பலகையில் ஏறத்தாழ ஒரு வரி கூடுதலாகப் படித்தனர். ஒரே மருந்து, ஒரே உறுப்பு, ஒரே வகைப் புண். கிருமி மாறியதும் பயன் மாறியது! கிருமி இன்னதென அறிந்து, அதனை ஒடுக்கும் மருந்தை முதலில் கொடுத்த பின்னரே ஸ்டீராய்டைப் பற்றி எண்ணலாம் என்பது இதன் படிப்பினை. பூஞ்சைப் புண்ணில் அதனை விடலாகாது என்று மருத்துவர் எச்சரிப்பதும் இதனாலேயே.

அந்த அம்மையாரின் கண்ணில் இருந்தது பூஞ்சை. சுரண்டி எடுத்துப் பார்த்தபோது நூல் நூலாகப் படர்ந்திருந்தது. அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை இப்போது நீங்களே எடுத்துரைக்க வல்லவர்கள். சொட்டு மருந்து வெள்ளணுக்களின் மடைகளை மூடியது. செய்தி நின்றது, படை வரவில்லை. படை வராததால் சிவப்பில்லை, வலியில்லை. நோய் தணிந்தது என்று அவர் எண்ணினார். தணிந்தது எச்சரிக்கை மட்டுமே. காவலற்ற கண்ணில் பூஞ்சை பத்து நாள் தங்குதடையின்றி வளர்ந்தது. பல மாத சிகிச்சைக்குப் பின் புண் ஆறியது, பார்வை திரும்பவில்லை. அவர் அறியாமையால் செய்தார் என்று சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. வலி குறைந்தால் நோய் குறைந்தது என்று நம்பாதவர் நம்முள் யார்? அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவே. அந்தக் கடனை நான் இன்று உங்கள் முன் தீர்க்க முயல்கிறேன்.

இதைக் கேட்டு ஸ்டீராய்டு என்ற பெயரையே அஞ்சவும் வேண்டாம். ஆஸ்துமாக்காரர் உறிஞ்சும் மருந்தில் மிகச் சிறிய அளவில் ஸ்டீராய்டு நேரே மூச்சுக் குழாய்க்குச் செல்கிறது. அது பல உயிர்களைக் காத்துவருகிறது. தொழுநோய் சிகிச்சையின் இடையே தோன்றும் கடும் அழற்சியில் நரம்புகளைக் காப்பாற்றுவதும் அதுவே. மருத்துவர் தக்க காரணத்தோடு கொடுத்தால் தயங்காமல் உட்கொள்ளுங்கள். பல வாரம் உட்கொண்டவர் திடீரென்று நிறுத்தலாகாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தி உறங்கிவிடும். அதனை எழுப்ப, மருந்தைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். நெடுநாள் உட்கொண்டால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். கண்ணில் நெடுநாள் விட்டால் கண்ணழுத்தமும் புரையும் உண்டாகலாம். ஆகவே மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் வேளாண் குடும்பங்களிலிருந்து வருகிறீர்கள். இந்த ஆண்டு கார் அறுவடையிலோ பிசான அறுவடையிலோ உங்கள் வீட்டார் ஒருவருக்குக் கண்ணில் தூசியோ சுணையோ பட்டு, அடுத்த நாளும் சிவப்பும் உறுத்தலும் நீடித்தால், நல்ல நீரால் கழுவியதோடு நின்று, அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தாய்ப்பாலோ, விளக்கெண்ணெயோ, பச்சிலைச் சாறோ விட வேண்டாம். பழைய குப்பியில் மீந்த சொட்டு மருந்தையும் விட வேண்டாம். குப்பியின் மேலுள்ள பெயரைப் படித்துப் பாருங்கள். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்ற சொற்களுள் ஒன்று தென்பட்டால், அது மடையை மூடும் மருந்து என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள். தூற்றும்போது அணிய ஒரு சாதாரணக் கண்ணாடி இருந்தால் இந்தத் துன்பம் பெரும்பாலும் வராமலே போகும்.

மடையைத் திறப்பதும் மூடுவதும் நம் முன்னோர் அறிந்த கலை. பயிரின் பருவமும் நீரின் அளவும் அறிந்தவனே மடைப் பலகையில் கை வைக்கலாம் என்பது நம் ஊர் வழக்கு. உடம்பின் மடைகளுக்கும் அவ்வழக்கே பொருந்தும்.